மைத்துனர்கள் இல்லாத மரண அறிவித்தல்

காலமான திரு. சச்சிதானந்தன் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் சிட்னியின் செவன் ஹில்ஸுக்கு வந்து இறங்கினார். தன்னுடைய முதியோர் ஓபல் பயண அட்டை வழக்கம்போல வேலை செய்தது என்றும், சாரதி தன்னிடம் எந்த வித்தியாசத்தையும் காணவில்லை என்றும் அவர் பிறகு சொன்னார்.

விக்னராஜாவின் அலுவலகம் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், ரயர் கடை ஒன்றுக்கும் மொத்தமாக இடியப்பம் அவித்து விற்கும் ஒரு கூடத்துக்கும் நடுவில் இருந்தது. எரிந்த கடைகள் தாமாகத்தான் எரிந்தனவா, இறந்ததாகச் சொல்லப்படுபவர்கள் உண்மையிலேயே இறந்துவிட்டார்களா என்று காப்புறுதி நிறுவனங்களுக்காகப் பார்த்துச் சொல்வது அவர் தொழில். இறந்தவர்களை உயிரோடு கண்டுபிடித்த அனுபவம் அவருக்கு உண்டு. அவர்களில் ஒருவர் பாலித் தீவில் அலைச்சறுக்கல் பழகிக்கொண்டிருந்தார். ஆனால் இறந்தவர் தாமாகவே வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ளுக்கு வரலாமோ தம்பி?" என்று கேட்டது இதுதான் முதல் தடவை.

"வாங்கோ அண்ணை. கதிரையில இருங்கோ," என்றார் விக்னராஜா.

மூலை மேசையிலிருந்து தர்சினி துள்ளி எழுந்தாள். அவள் விக்னராஜாவின் மனைவியின் தங்கை. ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை. திங்கட்கிழமைகளில் விடுமுறை என்பதால் அத்தானுக்கு உதவி செய்ய வருவாள். குற்றங்களைப் பற்றி ஒரு பொட்காஸ்ட் தொடங்குவது அவளுடைய கனவு. அதற்கு இலச்சினை தயார், தொடக்க இசை தயார், குற்றம் மட்டும் கிடைக்கவில்லை.

"அத்தான், ஒரு நிமிசம். மைக்கைப் போடுறன்."

"போடாதையும்."

அவள் மைக்கைப் போடவில்லை. ஆனால் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"என்னைச் சாகடிச்சது ஆர் எண்டு தெரிய வேணும்," என்றார் சச்சிதானந்தன். "பொலிசிட்டயும் போனனான். உங்களுக்கு என்ன இழப்பு எண்டு கேட்டாங்கள். உயிர் எண்டு சொன்னன். எழுதேல்ல."

அவர் தன் கைபேசியை நீட்டினார். சிட்னித் தமிழர்கள் பலரும் பார்க்கும் 'தென்சாளரம்' என்ற செய்தித் தளத்தில் வெளியான அறிவித்தலை அவர் அன்றே திரைப்பதிவாக எடுத்து வைத்திருந்தார். விக்னராஜா அதைச் சத்தமாகவே வாசித்தார்.

"யாழ். கொக்குவிலைப் பிறப்பிடமாகவும், அவுஸ்திரேலியா சிட்னியை வதிவிடமாகவும் கொண்ட திரு. நாகலிங்கம் சச்சிதானந்தன் அவர்கள் 24-05-2025 சனிக்கிழமை இறைபதம் அடைந்தார். அன்னார் காலஞ்சென்ற நாகலிங்கம், சிவபாக்கியம் தம்பதிகளின் அன்பு மகனும், கல்யாணியின் ஆருயிர்க் கணவரும், இளங்கீரனின் பாசமிகு தந்தையும், யோகாவின் அன்பு மாமனாரும், ஆதிரையன், மினு, மைலோ ஆகியோரின் அன்பு அப்பப்பாவும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அவ்வளவுதான். மேலே ஒரு படம். சந்தனப் பொட்டும் கழுத்தில் தடித்த ரோசா மாலையுமாகச் சச்சிதானந்தன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குத்துவிளக்கின் ஒரு துண்டு தெரிந்தது. படத்தின் மேல் மூலையில் தாள் மடிந்த கோடு.

கீழே அனுதாபங்கள் நீண்டுகொண்டே போயின. அவற்றின் நடுவே சச்சிதானந்தன் தாமே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'நான் சச்சிதானந்தன். நான் நலமாக இருக்கிறேன்.' அதற்கும் அழுகை முகங்கள் விழுந்திருந்தன. ஒருவர் பதில் போட்டிருந்தார்: 'உங்கள் நகைச்சுவையை இழந்து தவிக்கிறோம், அங்கிள்.'

"உங்களுக்கு எப்ப தெரிய வந்தது?"

"கல்யாணி குசினியில கேக்குக்கு முட்டை அடிச்சுக்கொண்டு நிண்டவ. கொக்குவிலில இருந்து என்ர தங்கச்சி போன் எடுத்தாள். நான்தான் எடுத்து ஹலோ எண்டன். என்ர குரலைக் கேட்டதும் ஐயோ எண்டு கத்திப்போட்டு மயங்கி விழுந்திட்டாள். இப்ப பரவாயில்லை. ஆனால் இன்னும் என்னோட கதைக்கப் பயப்பிடுறாள்."

"என்ன கேக், அங்கிள்?" என்றாள் தர்சினி. விசாரணையில் எந்தக் கேள்வியையும் விட்டுவைக்கக் கூடாது என்பது அவள் கொள்கை.

"அடுத்த நாள் எனக்கு எழுபது, பிள்ளை. அதை விடுங்கோ."

சச்சிதானந்தன் கைபேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"எனக்குத் தெரியும், தம்பி, ஆர் எண்டு. தெரிஞ்சதாலதான் உம்மட்ட வந்தனான். இந்தப் படம் என்ர மணிவிழாப் படம். ஒரே ஒரு பிரதிதான். என்ர மகன் இளங்கீரன் மெல்பேர்ண் போகேக்க எடுத்துக்கொண்டு போனவன். டார்னெய்ட்டில வீடு. மூலையில மடிப்பைப் பாரும். அவனுக்குத்தான் ஒண்டையும் மடிக்காமல் வைக்கத் தெரியாது."

"மகனோட பிரச்சினையோ?"

"வட்ஸ்அப் பிரச்சினை."

மூன்று வருடங்களுக்கு முன் சச்சிதானந்தன் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினார். கறுவாப் பட்டை அவித்த தண்ணீர் குடித்தால் நீரிழிவு மூன்றே நாளில் மாறும் என்பது செய்தி. மகன் எல்லோர் முன்னிலையிலும் பதில் போட்டான்: 'அப்பா, இது பொய். அனுப்ப முதல் ஒருக்கா வாசியுங்கோ.' நோர்வேயிலிருந்து கனடாவரை சொந்தபந்தம் முழுவதும் அதைப் பார்த்தது. நோர்வேயில் இருக்கும் மைத்துனர் ஒருவர் சிரிப்பு முகம் போட்டார். சச்சிதானந்தன் அன்றே குழுவை விட்டு வெளியேறினார். அதன்பின் தகப்பனும் மகனும் கதைக்கவில்லை.

"மூண்டாவது பிள்ளை பிறந்ததைக்கூட எனக்குச் சொல்லேல்ல," என்றார் அவர். "மைலோவாம். கரைச்சுக் குடிக்கிற மாவுக்கு வைக்கிற பேரைப் பிள்ளைக்கு வைச்சிருக்கிறான். அதை நான் என்ர மரண அறிவித்தலில வாசிச்சுத் தெரிய வேண்டியிருக்கு."

"அன்ரியிட்டக் கேட்டுப் பாக்கலாமே?" என்றாள் தர்சினி.

"கல்யாணி அவனோட ஒளிச்சுக் கதைக்கிறவ எண்டு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் எண்டது அவவுக்குத் தெரியாது. அப்ப எப்பிடிக் கேக்கிறது?"

அவர் விக்னராஜாவின் பக்கம் திரும்பினார்.

"ஒண்டு மட்டும் சொல்லும், தம்பி. நான் சாக வேணும் எண்டு என்ர பிள்ளை நினைச்சவனோ? ஓம் எண்டால் இனி அந்தத் திசைக்குத் திரும்ப மாட்டன். இல்லை எண்டால்..."

"உங்களுக்கு எத்தினை மைத்துனர்மார், அண்ணை?" என்று கேட்டார் விக்னராஜா.

"கல்யாணியோட கூடப் பிறந்தது அஞ்சு ஆம்பிளையள். ஏன்?"

"சும்மாதான்."

*

முதற் சந்தேகநபர் நிதுஷன். 'இடிமுழக்கம்' என்ற யூடியூப் சனல் அவனுடையது. 'தென்சாளரம்' தளத்தின் முகப்பில் 'உண்மை, முதலில்' என்று எழுதியிருக்கும். நிதுஷனின் சனலில் 'முதலில், உண்மை' என்று எழுதியிருக்கும். சச்சிதானந்தனைப் பற்றி அவன் இதுவரை இரண்டு காணொளிகள் வெளியிட்டிருந்தான். முதலாவதன் தலைப்பு 'சச்சி அங்கிளுக்கு நடந்தது என்ன?' இரண்டாவது 'சச்சி அங்கிள் உயிரோடு இருக்கிறாரா? மறைக்கப்படும் உண்மை!' இரண்டிலும் சச்சிதானந்தனின் மூக்கைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடப்பட்டிருந்தது.

அவன் தன் காருக்குள் வட்ட விளக்கைப் பொருத்திக்கொண்டிருந்தபோது விக்னராஜாவும் தர்சினியும் போய்ச் சேர்ந்தார்கள்.

"நான் முதலில போடேல்ல, புரோ," என்றான் நிதுஷன். "சத்தியமா. நான் என்ர வாழ்க்கையில ஒண்டையும் முதலில போட்டதில்லை. தென்சாளரத்தில வந்தால் எனக்கு அலேர்ட் வரும். அடுத்த நிமிசம் என்ர பக்கத்திலயும் தானாப் போகும். இந்தா, ஸ்கிறீன்சொட். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது. நான் ஜிம்மில நிண்டனான்."

"வெள்ளிக்கிழமை?"

"ஓம் புரோ. லெக் டே."

விக்னராஜா அந்தத் திரைப்பதிவை வேண்டிய நேரத்துக்கும் அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

'தென்சாளரம்' தளத்தின் ஆசிரியர் தாட்சாயினி. நிருபர், படப்பிடிப்பாளர், விளம்பர முகாமையாளர் எல்லாமும் அவரே. பகலில் ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கும் வேலை. மாலையில் வீட்டுக் கராஜில் செய்தி ஆசிரியர். போன வருடம் ஒரு துப்புரவு ஒப்பந்தக்காரர் தமிழ் மாணவர்களின் சம்பளத்தை விழுங்கியதை அவர் இரண்டு மாதம் அலைந்து எழுதினார். மாணவர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. கட்டுரையை ஏறத்தாழ அந்த மாணவர்கள் மட்டுமே வாசித்தார்கள். மரண அறிவித்தல்களை மட்டும் உலகமே வாசிக்கிறது. அந்தப் பக்கத்துக்கு வரும் விளம்பரங்களில்தான் தளம் நடக்கிறது.

"ஹாக் பண்ணிட்டாங்கள், அண்ணா," என்றார் அவர், கண்களைச் சந்திக்காமல். "அண்டைக்கே எடுத்துப்போட்டு மன்னிப்பும் போட்டிட்டன். அதை ஒருத்தரும் வாசிக்கேல்ல. அங்கிள் எப்பிடி இருக்கிறார்? சாப்பிடுறாரோ?"

"அனுப்பினவர் பேர் ஏதாவது?"

"இல்லை. ஒருத்தரும் இல்லை. ஹாக்." அவர் கேத்தலை எடுத்துக் கோப்பைகளில் தேத்தண்ணி ஊற்றினார். அந்த நேரத்தில் தர்சினியின் கைபேசி மணியடித்தது. 'தென்சாளரத்தில்' புதிய செய்தி: மேற்கு சிட்னியில் நாளை மழை.

"இப்ப ஆர் போட்டது?" என்றாள் தர்சினி.

"அது தானாப் போகும். வாறதைப் பிழை திருத்தி, படம் வெட்டி, உரிய பக்கத்தில போடுறதுக்கு ஒரு மென்பொருள் பூட்டியிருக்கிறன். இல்லாட்டி நான் எப்பிடியம்மா நித்திரை கொள்ளுறது? எழுத்துப்பிழை மட்டும்தான் அது பாக்கும்."

வெளியே வந்ததும் தர்சினி கிசுகிசுத்தாள். "இவ எதையோ மறைக்கிறா, அத்தான்."

"ஓம். தன்னை ஹாக் பண்ணினவனை ஆரும் இவ்வளவு கவனமாகக் காப்பாத்த மாட்டினம்."

இளங்கீரனுக்குத் தர்சினி மூன்று முறை அழைப்பு எடுத்தாள். அவன் டண்டினொங்கில் ஒரு களஞ்சியசாலையில் முகாமையாளன். முதல் இரண்டு முறையும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்து, பின்னணியில் போர்க்லிப்ட் சத்தத்தோடு, ஒரே மூச்சில் சொன்னான்: "ஓகே. அது நான்தான். சொரி எண்டு அப்பாட்டச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் கேக்காதேங்கோ." வைத்துவிட்டான்.

தர்சினி இரண்டு கைகளையும் உயர்த்தினாள். "கேஸ் முடிஞ்சுது! ஒப்புக்கொண்டிட்டான்!" பிறகு சச்சிதானந்தனின் முகம் நினைவுக்கு வந்து கைகளை இறக்கினாள்.

"ஒப்புக்கொண்டவனிட்ட ஒரு கேள்வி கேக்க வேணும், தர்சினி. என்ன செய்தனீர் எண்டு. அதை நீர் கேக்கேல்ல. அவனும் சொல்லேல்ல," என்றார் விக்னராஜா. "அவன்ர வீட்டைப் பற்றி இணையத்தில ஏதும் கிடைக்குதோ எண்டு பாரும்."

அவள் பார்த்தாள். பேஸ்புக் பூட்டியிருந்தது. இன்ஸ்டகிராமில் சாம்பார் படம் ஒன்று மட்டும். "டார்னெய்ட் அயலவர் குழுவில பழைய போஸ்ட் ஒண்டு கிடக்கு, அவ்வளவுதான். நாய் துலைஞ்சு போச்சாம்."

விக்னராஜா எட்டிப் பார்த்தார். "கிடைச்சிட்டுதோ?"

"ஓம். ஆரோ வீட்டு ரொட்டியைத் திண்டுகொண்டு நிண்டிருக்கு."

"நல்லது," என்றார் விக்னராஜா. வழக்கை முடித்தவரைப் போல எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "புதன்கிழமை பின்னேரம் எல்லாரையும் தாட்சாயினியின்ர கராஜுக்குக் கூப்பிடும். மகன் வீடியோவில வரட்டும். அதுக்கு முதல் நீர் எனக்காக ஒரு சின்ன எழுத்து வேலை செய்ய வேணும்."

*

கராஜில் நான்கு கதிரைகளும் ஒரு உடற்பயிற்சிச் சைக்கிளும் இருந்தன. நிதுஷன் சைக்கிளில் உட்கார்ந்தான். சுவரோரம் வைத்த மடிக்கணினித் திரையில் இளங்கீரனின் முகம். காரை எங்கோ நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தான். சச்சிதானந்தன் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். மகனும் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, நீங்கள் கேட்டதுக்கு முதலில பாதிப் பதில் சொல்லுறன்," என்றார் விக்னராஜா. "அந்த அறிவித்தலை எழுதி அனுப்பினது உங்கட மகன்தான்."

தாட்சாயினி படாரென்று எழுந்தார். "அண்ணா! அதை ஏன் அங்கிளுக்குச் சொல்லுறீங்கள்?"

"இருங்கோ, தாட்சாயினி. அனுப்பினவர் பேர் உங்களுக்கு அண்டைக்கே தெரியும். மகனே தகப்பனுக்கு இப்பிடிச் செய்தவன் எண்டு தெரிஞ்சால் இந்த மனுசன் உடைஞ்சு போவார் எண்டு பயந்து, ஹாக் எண்டு ஒரு பொய்யைச் சொல்லி, உங்கட தளத்தின்ர பேரைக் கெடுத்துக்கொண்டீங்கள். உண்மை முதலில எண்டு எழுதி வைச்சிருக்கிறவ, முதன்முதலாச் சொன்ன பொய் அது."

தாட்சாயினி உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார். சச்சிதானந்தனின் தோள்கள் தாழ்ந்தன.

"இப்ப மிச்சப் பாதி. மகன் அனுப்பினது மரண அறிவித்தல் இல்லை."

திரையில் இளங்கீரன் திரும்பிப் பார்த்தான்.

"அதில கொஞ்ச விசயம் எனக்கு ஒத்துவரேல்ல," என்று தொடர்ந்தார் விக்னராஜா. "வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்த அறிவித்தல், இவர் சனிக்கிழமை காலமானதாகச் சொல்லுது. நாளைக்குச் சாகப்போறவருக்கு முதல் நாளே எல்லாரும் அனுதாபம் எழுதியிருக்கினம். ஒருத்தருக்கும் அது வித்தியாசமாப் படேல்ல. சனிக்கிழமை என்ன நாள்? அண்ணையின்ர பிறந்தநாள். அன்ரி கேக் அடிச்சுக்கொண்டு நிண்டவ."

"அட!" என்றாள் தர்சினி. கேக்கைப் பற்றிக் கேட்டது தான்தான் என்பதை அவள் எல்லோருக்கும் கண்ணால் நினைவூட்டினாள்.

"படத்தைப் பாருங்கோ. செத்தவருக்கு மாலை படச்சட்டத்துக்குப் போடுவினம். இவருக்குக் கழுத்தில போட்டிருக்கு, சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். கீழ, தொடர்புகளுக்கு எண்டு ஒரு நம்பரும் இல்லை. எங்க பார்வைக்கு வைக்கினம், எப்ப கிரியை, ஒண்டும் இல்லை. ஆனால் என்னை உண்மையில நித்திரை கொள்ள விடாதது மைத்துனர்மார்."

"எந்த மைத்துனர்?" என்றான் நிதுஷன்.

"அதுதான். ஒருத்தர்கூட இல்லை. இவருக்கு அஞ்சு மைத்துனர். யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் அஞ்சு மைத்துனர்மாரின்ர பேரையும் விட்டுப்போட்டுச் சாகத் துணிவாரோ? ஒரு சகலன்ர பேர் விடுபட்டதுக்கே செத்தவீட்டுக்கு வராமல் விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். பகையாளி எழுதினாலும் மைத்துனரை எழுதியிருப்பான். அப்ப, இதை எழுதினவர் மரணத்தை நினைச்சு எழுதேல்ல. வீட்டுக்குள்ள இருக்கிற ஆக்களை மட்டும் நினைச்சு எழுதியிருக்கிறார். மனிசி, மகன், மருமகள், பேரப்பிள்ளையள். ரெண்டு பேரப்பிள்ளையும் ஒரு நாயும்."

சச்சிதானந்தன் நிமிர்ந்தார். "நாயோ?"

"மைலோ நாய், அண்ணை. போன வருசம் துலைஞ்சு கிடைச்சதா அயலவர் குழுவில பேரோட கிடந்தது. மரண அறிவித்தலில ஆரும் நாயைச் சேர்க்க மாட்டினம். பிறந்தநாள் வாழ்த்தில சேர்ப்பினம்."

திரையில், காரின் பின்னிருக்கையிலிருந்து, தன் பெயரைக் கேட்டுவிட்ட ஏதோ ஒன்று குரைத்தது.

"அப்ப வாழ்த்து எப்பிடி இழவாச்சு?" தாட்சாயினி கேட்டார். "நான் கை வைக்கேல்ல, அண்ணா. உள்ளுக்குப் போய்ப் பாக்க, திருத்தின வடிவமும் மகன்ர பேரும்தான் இருந்தது. அவர் அப்பிடித்தான் அனுப்பினவர் எண்டு நினைச்சன்."

"தர்சினி, அனுப்பும்."

தர்சினி கைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். தாட்சாயினியின் இரண்டு கைகளும் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றி இருந்தன. நிதுஷன் சைக்கிளைச் சும்மா ஒரு சுற்று மிதித்தான். சிறிது நேரத்தில் அவனுடைய கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். விக்னராஜாவைப் பார்த்தான். மறுபடி கைபேசியைப் பார்த்தான்.

"புரோ," என்றான் மெதுவாக, "நீங்கள் செத்துப்போனீங்கள்."

'தென்சாளரத்தில்' விக்னராஜா ரோசா மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். யாழ். சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும் செவன் ஹில்ஸை வதிவிடமாகவும் கொண்ட அவர் சற்றுமுன் இறைபதம் அடைந்திருந்தார். அடுத்த நிமிடம் 'இடிமுழக்கமும்' அதை உறுதிப்படுத்தியது.

"தர்சினி அனுப்பினது பாராட்டுச் செய்தி," என்றார் காலமான விக்னராஜா. "காப்புறுதித் துறையில இருபத்தைஞ்சு வருசம் முடிச்சதுக்கு. மாலை போட்ட படம். பிறப்பிடம், வதிவிடம், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர். உங்கட மென்பொருளுக்குத் தெரிஞ்ச தமிழ் முழுக்க உங்கட பழைய பக்கங்களில இருந்து படிச்சது, தாட்சாயினி. அதில அரைவாசிக்கு மேல மரண அறிவித்தல். மாலையும் வதிவிடமும் சேர்ந்து வந்தால் மிச்சம் என்ன எண்டு அதுக்குத் தெரியும். உயிரோட இருக்கிறதை அது எழுத்துப்பிழை எண்டு நினைச்சுத் திருத்திப்போட்டுது."

அவருடைய கைபேசி ஒலித்தது. மனைவி.

"ஓமப்பா... ஓம், நானும் பாத்தனான்... இல்லை, சும்மா ஒரு சோதினை... சரி, பால் வாங்கிக்கொண்டு வாறன்."

தாட்சாயினி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். "நான் வாசிக்கேல்ல. ஒரு மனுசன்ர சாவை வாசிக்காமல் போட்டிட்டன், அங்கிள்."

"அழாதையும், பிள்ளை," என்றார் சச்சிதானந்தன். தாம் ஆறுதல் சொல்வதில் அவருக்கே ஆச்சரியம். "நீர் ஒரு ஆள். இது இருபத்திநாலு மணித்தியாலக் கடை."

நிதுஷன் கைபேசியைக் கொஞ்சம் தூக்கினான். படம் பிடிப்பதற்கு அருமையான காட்சி. தர்சினியின் கையிலும் மைக் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நிதுஷன் கைபேசியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டான். "லைட் சரியில்லை," என்றான், யாரும் கேட்காமலே. தர்சினி மைக்கைக் கைப்பைக்குள் வைத்து சிப்பை இழுத்தாள்.

"தம்பி இளங்கீரன்," என்றார் விக்னராஜா, "நீர் ஏன் நான்தான் எண்டு ஒப்புக்கொண்டனீர்?"

இளங்கீரன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எனக்கு அப்பிடி எழுத வராது, அண்ணை. அப்பாக்கு நல்ல தமிழில ஒரு வாழ்த்துப் போட வேணும் எண்டு ஆசை. எங்கட வீட்டில அப்பிடி எழுதின தமிழ் ஒண்டுதான் இருக்கு. அப்பப்பாவின்ர மரண அறிவித்தல். அதை வைச்சு, செத்த சொல்லெல்லாத்தையும் எடுத்துப்போட்டு, எங்கட பேர்களைப் போட்டு எழுதினன். தளத்தில நேர அடிச்சு அனுப்பினது. என்னட்டப் பிரதி இல்லை. அது இப்பிடி வந்ததும், ஏதோ ஒரு சொல்லை எடுக்க மறந்துபோனன் எண்டு நினைச்சன்." காரின் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினான். "அனுப்ப முதல் நான் வாசிக்கேல்ல எண்டு நினைச்சன். அதை எந்த முகத்தோட அப்பாட்டச் சொல்லுறது?"

சச்சிதானந்தன் கதிரையை மெதுவாகத் திருப்பினார். மூன்று வருடங்களுக்குப் பிறகு மகனைப் பார்த்தார். மகனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. அதைப் பற்றியும் ஒருவரும் அவருக்கு அறிவிக்கவில்லை.

"மைத்துனர்மாரை விட்டுட்டாய்," என்றார்.

"பிறந்தநாளுக்கு அவையள் என்னத்துக்கு அப்பா?"

"அதுவும் சரிதான்." அவர் திரையைப் பார்த்துக் குனிந்தார். "நீ எழுதினதை ஒருக்காச் சொல்லு. உன்ர வாயால."

இளங்கீரன் சொன்னான். பள்ளிப் பேச்சுப்போட்டியில் வரி மறந்த பிள்ளையைப்போல, நின்று நின்று சொன்னான். கொக்குவிலைப் பிறப்பிடமாகவும் என்று தொடங்கி, கல்யாணியின் ஆருயிர்க் கணவரும் தாண்டி, மைலோவின் அன்பு அப்பப்பாவும் வரை வந்தான். "...சச்சிதானந்தன் அவர்கள் சனிக்கிழமை எழுபதாவது வயதை அடைகிறார்," என்றான்.

"கடைசியில ஒண்டு இருக்குமே?" என்றார் தகப்பன். "அதுக்கு ஒரு முடிவு வரி இருக்கு."

"உற்றார் உறவினர் எண்டு நான் எழுதேல்ல அப்பா. அது அந்த மென்பொருள் போட்டது." அவன் கண்ணைத் துடைத்தான். "இந்த வாழ்த்தை அப்பா ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். அப்பிடித்தான் எழுதினனான்."

சச்சிதானந்தன் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தார். பிறகு, "அந்த நாயைக் காட்டு, பாப்பம்," என்றார்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் கல்யாணியும் டார்னெய்ட்டில் நின்றார்கள். 'தென்சாளரம்' அன்று முகப்பில் பெரிதாக ஒரு திருத்தம் வெளியிட்டது. தாட்சாயினி தன் கையால் எழுதி, மூன்று முறை வாசித்து, மென்பொருளைக் கழற்றிய பிறகு போட்டது. அதில் சச்சிதானந்தன், விக்னராஜா இருவரும் உயிருடன் இருப்பது உறுதிப்படுத்தப்பட்டிருந்தது. தளம் அன்றுமுதல் நாளுக்கு ஐந்து செய்திகளுக்கு மேல் வெளியிடாது என்றும் அறிவித்தது. 'இடிமுழக்கம்' அந்தத் திருத்தத்தையும் அடுத்த நிமிடமே நகலெடுத்தது. ஆனால் கீழே, அதன் வரலாற்றிலேயே முதன்முறையாக, 'நன்றி: தென்சாளரம்' என்று போட்டது.

அன்று மாலை குடும்ப வட்ஸ்அப் குழுவில் சச்சிதானந்தன் மீண்டும் சேர்ந்தார். அவர் மடியில் மண்ணிற நாய் ஒன்று குந்தியிருக்கும் படமும், அதன் கீழ் ஒரு வரியும் அனுப்பினார்: 'எழுபது வயது. சுகமாக இருக்கிறேன். மைலோவும் சுகம்.' அனுப்புவதற்கு முன் அதைக் கல்யாணி ஒருமுறை, யோகா ஒருமுறை, பேரப்பிள்ளைகள் ஒருமுறை வாசித்தார்கள்.

உடனேயே நோர்வே மைத்துனரிடமிருந்து பதில் வந்தது: 'ஆழ்ந்த அனுதாபங்கள். அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்.'

இளங்கீரன் பதில் போட்டான்: 'மாமா, அனுப்ப முதல் ஒருக்கா வாசியுங்கோ.'

அதற்கு முதலாவதாக ஒரு சிவப்பு இதயம் விழுந்தது. போட்டவர் பெயர், சச்சிதானந்தன்.